ஞானபாக்கியம் ஊற்றிய கஞ்சி

1954 ஜூலையில் ஒரு காலை, புருஷனுக்குச் சட்டை மாற்றிவிடும்போதுதான் ஞானபாக்கியம் அந்தக் கறையை முதலில் பார்த்தாள். இடது முழங்கைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, நாவல்பழத்தை நசுக்கின மாதிரி கறுத்துக் கிடந்தது.

“இன்னா இது? எங்கனா இட்ச்சிக்கினியா?”

லூயிஸ் கையைத் திருப்பிப் பார்த்தான். “தெர்ல பாக்கியம். நான் எங்க போனேன், இட்ச்சிக்க?”

அது உண்மைதான். ஒரு வாரமாக அவன் வாசல்படி தாண்டவில்லை. கயிற்றுக் கட்டிலின் சட்டம் அழுத்தியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினாள். தடவும்போதே, இது சட்டம் அழுத்தின இடம் இல்லையே என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது.

அவர்கள் வீடு ராயபுரத்தில், ரயில்வே கூட்ஸ் யார்டு சுவரை ஒட்டிய சந்தில், ஆறு குடித்தனம் இருந்த ஓட்டு வரிசையில் இருந்தது. பிள்ளை கிடையாது. லூயிஸுக்கு முப்பத்தெட்டு வயது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சவுக்காரத் தொழிற்சாலையில் சோப்புக் கொப்பரை கிளறுகிற வேலை பார்த்தவன். முந்தின வருஷம் மே மாத வெயிலில், யாரோ பதம் பார்க்க அலுமினிய டம்ளரில் மொண்டு வைத்திருந்த, தோலை அரிக்கிற காரத்தண்ணீரைக் குடிதண்ணீர் என்று எடுத்து ஒரே மடக்காக விழுங்கிவிட்டான். உயிர் போகவில்லை. ஆனால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் முழுக்க வெந்து, புண் ஆறும்போது சுருங்கிச் சுருங்கி, மூன்றாவது மாதத்தில் அடைத்தே போயிற்று. எச்சில்கூட உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து இரைப்பைக்குள் ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைத்தார்கள். விலாவுக்குக் கீழே சுண்டுவிரல் கனத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாய் வழியாகத்தான் இனி அவனுக்குச் சோறு தண்ணீர் எல்லாம்.

எப்படி ஊற்றுவது என்று வார்டு நர்ஸ் ஞானபாக்கியத்துக்குக் காட்டிக்கொடுத்தாள். குழாயில் கண்ணாடிப் புனலைப் பொருத்த வேண்டும். முதலில் புனலைத் தாழ்த்திப் பிடித்து, முந்தின வேளை ஊற்றியது மிச்சம் இருந்தால் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உயர்த்திப் பிடித்து, மெதுவாக ஊற்ற வேண்டும். முடித்ததும் கொதித்து ஆறின தண்ணீர் விட்டுக் கழுவி, கிளிப் போட்டு மூட வேண்டும். “எதுலயும் கட்டி இருக்கக் கூடாதும்மா. அடைச்சிக்கிச்சின்னா மறுபடியும் கத்தி வைக்கறதுதான்,” என்றாள் நர்ஸ்.

அந்த ஒரு வார்த்தை ஞானபாக்கியத்தின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டு ரசூல் பீவி சொன்னாளே என்று அரைக்கீரையைக் கடைந்து, கஞ்சியில் கலந்து ஊற்றிப் பார்த்தாள். ஒரு நார் போய்ச் சிக்கிக்கொண்டது. புனலில் கீரைத்தண்ணீர் அப்படியே நின்றது. ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, அவர்கள் வெந்நீரை ஊசிக்குழலில் ஏற்றி அழுத்தி எடுத்துவிடுவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அன்றோடு கீரை என்ற பேச்சை விட்டாள். பால், சர்க்கரை, வடித்த கஞ்சி, அடித்த முட்டை, வடிகட்டின சாத்துக்குடிச் சாறு. இவ்வளவுதான். அதையும் மெல்லிய மல் துணியில் இரண்டு தரம் வடிகட்டுவாள். துறைமுகக் கிடங்குகளுக்குக் கோணிப்பை கிழிசல் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. தைத்துக்கொண்டிருந்தாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, புனலைக் கொதிக்க வைக்கப் போய்விடுவாள். ஒரு வேளை தவறினதில்லை.

லூயிஸுக்கு நாக்கு மட்டும் சாகவில்லை. வறுத்த கருவாட்டுத் துண்டை வாயில் போட்டு மெல்லுவான். சாறு தீர்ந்ததும் ஒரு தகர டப்பாவில் துப்பிவிடுவான். “ருசி தெரிஞ்சா போதும்மே,” என்பான். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

1954 மே மாதக் கடைசியில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நாலு நாள் நிற்காமல் போய், கண் குழி விழுந்துவிட்டது. தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்த கம்பவுண்டர் தவசிமுத்து, கிருமி கொல்லுகிற சல்பா மாத்திரை கொடுத்தார். பொடி பண்ணி, கரைத்து, பத்து நாளைக்குக் குழாயில் விடச் சொன்னார். போக்கு நின்றது. பத்து நாள் முடிந்து நிறுத்தினாள். மூன்றாம் நாள் இரண்டு தரம் வெளியே போனான். அவ்வளவுதான், போக்கு திரும்பிவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். கேட்டால் கம்பவுண்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து, வேறு கடையில் அதே மாத்திரையை வாங்கினாள். மிச்ச ஜூன் முழுக்கக் கொடுத்தாள். ஜூலையிலும் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

கையில் கறை தெரிந்த மூன்றாம் நாள், தொடையில் ஒன்று. மறுநாள் காலையில் பல் தேய்த்துத் துப்பினது சிவப்பாக இருந்தது. அன்று சாயங்காலம் குழாயைச் சுற்றித் தோலோரத்தில் ரத்தம் கசிந்து வெள்ளைத் துணியை நனைத்திருந்தது. துணியை மாற்றினாள். ஒரு மணி நேரத்தில் அதுவும் நனைந்தது.

அவள் தவசிமுத்துவிடம் ஓடினாள். அவர் ஈறைப் பற்றிக் கேட்டுவிட்டு, “பழம் சத்து கம்மியா பூட்சிம்மா,” என்று வைட்டமின் சி மாத்திரை கொடுத்தார்.

“தெனமும் சாத்துக்குடி ஊத்தறனே?”

“பத்தலயோ இன்னவோ. இத்தக் குடு, ஒரு வாரத்துல சரியாயிடும்.”

சல்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூயிஸின் அக்கா சிலுவையம்மாள் வந்தாள். மீன் அங்காடியில் கூடை வைத்து விற்பவள். தம்பியைத் தாய் மாதிரி தூக்கி வளர்த்தவள். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, தம்பியின் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அன்று பிடித்த கையை அப்படியே விட்டுவிட்டாள்.

“இன்னாடா இது? யாரு அடிச்சாங்க?”

“யாரும் அடிக்கல. தானா வருது,” என்றான் லூயிஸ்.

“தானா வருமா? சட்டயக் கழட்டு.”

முதுகில் இரண்டு இடத்தில் இருந்தது. ஞானபாக்கியமே பார்க்காதது. சிலுவையம்மாள் எழுந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

“வாயால துன்றவனா இருந்தா கசக்குது புளிக்குதுன்னு சொல்லுவான். இவனுக்கு இன்னா தெரியும்? நீ இன்னாத்த ஊத்தறியோ அதான் உள்ள போவுது. இன்னா ஊத்தறே நீ?”

“அக்கா, பாலும் கஞ்சியும்தான்...”

“பாலு குட்ச்சா ஒடம்பு கறுக்குமா? ஒரு வருஷமா பீ மூத்திரம் அள்ளறோம், போதும்டா சாமின்னு பூட்சா ஒனக்கு?”

“யக்கா!” என்று லூயிஸ் கத்தினான். கத்தினதில் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. அதைத் துடைக்க இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் துணியை எடுத்தார்கள். சிலுவையம்மாள் ஞானபாக்கியத்தின் கையைத் தட்டிவிட்டாள். போகும்போது வாசலில் நின்று, “எந்தம்பிக்கு ஏதாவது ஆச்சி, நான் நேரா போலீஸ் டேசனுக்குத்தான் போவேன்,” என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

ரசூல் பீவி மட்டும் எட்டிப்பார்த்து, “மனசுல வெச்சிக்காத பாக்கியம், பாசத்துல பேசுது,” என்றாள். மற்ற நாலு வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

ஞானபாக்கியம் அழவில்லை. அவளைப் பிடித்துக்கொண்ட பயம் வேறு. நாத்தனார் சொன்னது மெய்யாக இருந்தால்? தெரியாமலே தான்தான் எதையோ ஊற்றுகிறோமோ? பால் தூக்கை மோந்து பார்த்தாள். அரிசியைப் பரப்பி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ரப்பரில் விஷம் ஊறுமோ என்று குழாய் நுனியைக் கிள்ளிப் பார்த்தாள். அலுமினியப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு ரசூல் பீவியிடம் பீங்கான் கோப்பை இரவல் வாங்கினாள். மாத்திரைப் பொட்டலத்தையும் கையில் எடுத்தாள். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. வயிற்றுப்போக்கை நிறுத்தின மருந்து. அதை நிறுத்தினால் மறுபடியும் அந்த நாலு நாள் வந்துவிடுமே. பொட்டலத்தைத் திரும்பவும் டப்பாவில் வைத்து மூடினாள்.

அடுத்த மூன்று நாள் அவள் செய்த காரியத்துக்காகப் பின்னாளில் தன்னையே நொந்துகொண்டாள். வெயில் காய்கிற ஜூலையில் லூயிஸுக்கு முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் மாட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரும் அதே கேள்வியைக் கேட்பார், கறையைப் பார்த்தால் போலீஸுக்கு எழுதுவார் என்று பயம். வைட்டமின் சி மாத்திரை வேலை செய்ய ஒரு வாரம் ஆகுமாமே, பார்க்கலாம் என்று நாளைத் தள்ளினாள். கோணி தைக்கும்போது யாராவது வாசலில் நிழலாடினால், போலீஸோ என்று தையலை விட்டுவிட்டு எட்டிப்பார்ப்பாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பால் ஊற்றப் புனலைப் பொருத்தி, வழக்கம்போலத் தாழ்த்திப் பிடித்தாள். கருங்காப்பி மாதிரி கறுத்துப்போன ரத்தம் திரும்பி வந்தது. பாதிப் புனல் நிறைந்தது.

லூயிஸ் அதைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். “காப்பி ஊத்தினியா நேத்து?” என்று கேட்டான். சிரிக்கப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது.

அவள் கிளிப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, “பீவிம்மா, ரிக்ஷா! ஜல்தியா ஒரு ரிக்ஷா!” என்று கூவினாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ரகுபதி என்ற டாக்டர். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். சட்டையைக் கழற்றச் சொன்னார். கறைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். யார் அடித்தார்கள் என்று கேட்கவில்லை. அதற்குள் யாரோ சொல்லி, மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டுச் சிலுவையம்மாளும் வந்து கட்டில் காலடியில் நின்றாள். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

“குழாயில் என்னென்ன ஊத்தறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா.”

ஞானபாக்கியம் சொன்னாள். வேளை, அளவு, வடிகட்டுகிற விதம் எல்லாம் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

“பழச்சாறு உண்டா? சரி. கீரை, காய்?”

“இல்லீங்க. அடச்சிக்கும்னு ஊத்தறதில்ல.”

“வேற மருந்து ஏதாவது?”

சிலுவையம்மாளின் கண் தன் முதுகைத் துளைக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. “பழம் சத்து மாத்திரதாங்க. வேற இல்லீங்க,” என்றாள்.

டாக்டர் லூயிஸின் நரம்பில் ரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழலில் விட்டார். பிறகு, “ஒப்பிட்டுப் பார்க்க உங்க ரத்தமும் கொஞ்சம் வேணும்,” என்று அவள் கையை நீட்டச் சொன்னார். இரண்டு குழல்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி, அவ்வப்போது ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். ஞானபாக்கியமும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழாவது நிமிஷம் அவளுடையது கட்டிப்பட்டது. குழலைத் தலைகீழாகக் கவிழ்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. லூயிஸுடையது சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. பத்து நிமிஷம் ஆயிற்று, ஓடியது. இருபது நிமிஷம் ஆயிற்று, அப்போதும் தண்ணீர் மாதிரி ஓடியது. ஊசி குத்தின இடத்தில் வைத்த பஞ்சு ஊறி, ரத்தம் மணிக்கட்டுப் பக்கம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் போலீஸ் மறந்துபோயிற்று.

“ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். சல்பா மாத்திர குடுத்தேங்க. பத்து நாளுக்குத்தான் குடுத்தாங்க. நானே வாங்கி வாங்கி ஒரு மாசத்துக்கு மேல தண்ணியில கரச்சி உட்டுக்கினு வந்தேன். வவுறு போவக் கூடாதேன்னு. அந்தாளு செத்துடக் கூடாதேன்னுதாங்க உட்டேன். ஏதாவது பண்ணுங்க.” கிளம்பும்போதே முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சிலுவையம்மாள், “ஏசுவே,” என்றாள்.

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தேடின சாமான் கிடைத்தவர் முகமாகத்தான் இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு ஊசி மருந்து ஒன்றின் பேரைச் சொன்னார். அது நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்களையும் பார்த்துப் பேசினார்.

“ரத்தம் உறையறதுக்கு உடம்புக்கு ஒரு சத்து வேணும். வைட்டமின் கேன்னு பேரு. முக்கியமா கீரையிலிருந்து நமக்குக் கிடைக்குது. குடல்ல இருக்கற நல்ல கிருமிங்களும் கொஞ்சம் தயார் பண்ணித் தருது. இவருக்கு ஒரு வருஷமா கீரையே கிடையாது. பாலிலும் கஞ்சியிலும் அந்தச் சத்து ரொம்பக் கம்மி. அதுவரைக்கும் அந்தக் கிருமிங்க எப்படியோ ஈடு கட்டிக்கிட்டு இருந்திருக்கும். நீங்க குடுத்த மாத்திரை அதையும் கொன்னுடுச்சு.”

“அப்போ விஷம் இல்லியா?” என்று கேட்டது சிலுவையம்மாள்.

“விஷம் இல்லம்மா. இவங்க ஊத்தின பால், கஞ்சி எதுலயும் தப்பு இல்ல. ஆனா மாத்திரையைக் கேக்காம நீட்டினது தப்பு. மறைச்சது அதைவிடப் பெரிய தப்பு.”

“பொழச்சிப்பாராங்க?” என்றாள் ஞானபாக்கியம்.

“நாளைக்குக் காலையில் சொல்றேன்.”

ஒரு பாட்டில் ரத்தமும் ஏற்றினார்கள். வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பெண்களும் ஒரே சிமெண்டு பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞானபாக்கியத்தின் வாய் மாதாவுக்குச் சொல்கிற மங்கள வார்த்தை செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வார்டிலிருந்து யார் வெளியே வந்தாலும் எழுந்து நிற்பாள். ஒரு நர்ஸ் கைகழுவ வந்ததற்குக்கூட எழுந்து நின்றாள். “குந்துடி, வுழுந்துடப் போறே,” என்றாள் சிலுவையம்மாள். ராத்திரி முழுக்க அந்தப் பெஞ்சில் அவள் பேசினது அது ஒன்றுதான்.

விடிந்து ஏழு மணிக்கு டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுத்துக் குழலில் விட்டார். ஞானபாக்கியம் கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இங்க பாருங்க,” என்று அவர் கூப்பிட்டபோது திரும்பினாள். குழல் கவிழ்ந்திருந்தது. ரத்தம் கீழே விழவில்லை. பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. இன்னும் சரியான அளவுக்கு வரவில்லை, ஆனால் உறைகிறது.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனி தினமும் கீரை ஊற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

“ஐயா, அடச்சிக்கும்ங்க. நான் பட்டுட்டேன்.”

“வேகவெச்ச தண்ணி மட்டும் ஊத்தினா போதாது. சத்து இலையிலேயே தங்கிடும், தண்ணியில இறங்காது. அதனால காம்பு, நரம்பு எல்லாம் கிள்ளிட்டு, இலையை மட்டும் வேகவெச்சு, மை மாதிரி அரைங்க. துணியில போட்டுத் தேய்ச்சுப் பிழியுங்க. இறங்கறதைப் பாலில் கலந்து ஊத்துங்க.”

முருங்கை இலை வாங்கினாள். உருவி, வேகவைத்து, அம்மியில் அரைத்தாள். விரலில் தடவிப் பார்த்து மறுபடியும் அரைத்தாள். மல் துணியில் மூன்று தரம் தேய்த்துப் பிழிந்தாள். பாலில் கலக்கினதும் பச்சை நிறத்தில் ஒரு டம்ளர் வந்தது. புனலில் விட்டாள். கொஞ்சம் இறங்கியது. அப்புறம் நின்றது.

லூயிஸ் அந்தப் பச்சையையே பார்த்தான்.

“ரிக்ஷா...” என்றாள் அவள்.

“இரு, இரு. கைய இன்னும் மேல தூக்கு,” என்றான். அவள் கட்டில்மேல் ஏறி நின்று புனலைத் தலைக்கு மேலே பிடித்தாள். ஒரு காற்றுக் குமிழி புளுக்கென்று மேலே வந்தது. பிறகு பச்சை மெல்ல மெல்ல இறங்கித் தீர்ந்தது. அவள் இறங்கி வந்து கழுவுகிற தண்ணீரை விட்டாள். அதுவும் இறங்கியது.

சிலுவையம்மாள் அவளிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஞானபாக்கியமும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஏழெட்டு மாசம் போக்குவரத்து இல்லாமல் இருந்து, ஈஸ்டர் அன்று வந்தாள். தம்பியின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கைக்கு மேலே வரைக்கும் சட்டையைச் சுருட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். ஞானபாக்கியம் அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி காப்பி போடப் போனாள்.

உணவுக்குழாயை மெல்ல விரித்துப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் முயன்றார்கள். விரிக்கிற கருவிக்கு வழிகாட்ட விழுங்கச் சொன்ன பட்டு நூல் இறங்கவே இல்லை. அப்புறம் லூயிஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உடம்பு தேறினதும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் மரம் அறுத்து விற்கிற ஒரு மரத்தொட்டியில் லோடு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தான். குழாயைச் சுருட்டித் துணியில் கட்டி, மேலே தொளதொள சட்டை போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மத்தியானம் ஞானபாக்கியம் தூக்குச் சட்டியும் புனலுமாக நடந்து போய், அடுக்கின தேக்குக் கட்டைகளுக்குப் பின்னால் அவனை உட்கார வைத்து ஊற்றிவிட்டு வருவாள். இப்படியே அவன் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தான்.

அந்த ஒன்பது வருஷமும் காலையில் எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, அவனை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து உதட்டை விரலால் தூக்கி ஈறைப் பார்ப்பது. “மாட்டப் பல்லப் புட்ச்சிப் பாக்கற மாரி பாக்கறியே, விக்கப் போறியா?” என்பான் அவன். “வாயத் தெற,” என்பாள். கீழ்வரிசையையும் பார்த்து முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.